பிரேக்டவுன் ஆகாத டெப்போ

அத்தியாயம் 14

சாப்பிட்ட தட்டை எடுக்கப் போன இடத்தில் யாருக்காவது இப்படி ஒரு காகிதம் கண்ணில் படுமா? போன வாரம் சொர்ணவல்லிக்குப் பட்டது.

நாத்தனார் தேவிப்ரியா கை கழுவப் போயிருந்தாள். அவள் பையிலிருந்து நழுவிய அட்டவணையில் பதினோரு பஸ் டெப்போக்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. கடைசிப் பெயர் வெள்ளாற்றுக்கோட்டை. சொர்ணவல்லியின் கணவர் ஆத்மநாதன் ஃபோர்மேனாக இருக்கும் டெப்போ. எதிரே, பதிவேடுகளை மட்டும் வைத்து முதல் கட்ட மார்க் இருபத்தாறு என்று போட்டு, அடியில் ஒரு வரி: 'நாற்பது மார்க்குக்குக் கீழே உள்ள டெப்போக்களை மூடிப் பெரிய டெப்போவோடு இணைக்கப் பரிந்துரைக்கலாம்.'

சின்ன டெப்போக்களால் உண்மையில் பலன் உண்டா, பஸ்களை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கின்றனவா என்று ஒரு கல்லூரியிலிருந்து ஆய்வு நடக்கிறது. தலைமை பேராசிரியை ஷர்லி. அவரிடம் புள்ளிவிவரம் எடுப்பவள்தான் தேவிப்ரியா. 'அங்கே என் அண்ணன் வேலை பார்க்கிறார்' என்பதை அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள். ஷர்லி அதற்கு ஒரே ஒரு விதி போட்டார். நீ எண்ணு, மார்க் நான் போடுகிறேன், முடியும்வரை அண்ணனிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே.

தேவிப்ரியா மூச்சு விடவில்லை. ஆனால் காகிதம் பேசிவிட்டதே! மதினியும் நாத்தனாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

இன்று அவர்கள் நேரில் வந்து இறுதி மார்க் போடும் ஆய்வு நாள்.

காலை ஐந்து மணிக்கே ஆத்மநாதன் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, காக்கிச் சட்டையின் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். வீடு திருவரங்குளத்தில். டெப்போ பன்னிரண்டு கிலோமீட்டர். வாசலில் பைக் நின்றாலும் அவர் பஸ்ஸில்தான் போவார். 'டெப்போக்காரனே பைக்குல போனா நம்ம வண்டிய எவன் நம்புவான்?' என்பது அவர் கட்சி.

"ஏங்க, இன்னைக்கு வராங்கள்ல. குறைப் புத்தகத்தக் கேட்டா என்ன காட்டுவீங்க?" என்றாள் சொர்ணவல்லி.

"இருக்குறதக் காட்டுவேன்."

"அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல" என்றார் ஆத்மநாதன். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

இந்த 'ஒண்ணுமில்ல'வைத்தான் முதலில் வாசகர்களுக்கு விளக்க வேண்டும். ஒவ்வொரு டெப்போவிலும் ஒரு குறைப் புத்தகம் உண்டு. டியூட்டி முடித்து வரும் டிரைவர், வண்டியில் என்ன கோளாறு என்று அதில் எழுத வேண்டும். சரி செய்த மெக்கானிக் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளாற்றுக்கோட்டையிலும் அப்படித்தான் இருந்தது, ஆறு வருஷத்துக்கு முன்புவரை.

அப்போது நிலவழகன் என்ற டிரைவர், 'பிரேக் லேசாக இறங்குகிறது' என்று எழுதினார். மறு வாரம் அவருக்கு மெமோ வந்தது. குறை தெரிந்தும் ஏன் ஓட்டினாய்? விளக்கம் கொடு. விளக்கம் கொடுத்தும் மூன்று நாள் சஸ்பென்ஷன். அன்று அங்கே இருந்த மேனேஜர் அப்படி ஒரு மகராசன்.

அன்றிலிருந்து ஒரு டிரைவரும் பேனாவைத் தொடவில்லை. டியூட்டி முடிந்ததும் டீ பெஞ்சில் உட்கார்ந்து, 'ஃபோர்மேன், கியர் கத்துது', 'தம்பி, பின் கதவு ஒட்டுது' என்று வாயால் சொல்வார்கள். ஆத்மநாதன் பட்டறைச் சுவரில் உள்ள கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிக்கொள்வார். வேலை முடிந்ததும் ஈரச் சாக்கால் துடைத்துவிடுவார். வண்டி சரியாகிவிடும். எழுதிய தடயமும் இருக்காது, மெமோவும் வராது. குறைப் புத்தகத்தில் மட்டும் தினமும் 'குறை ஏதுமில்லை' என்று ஒரு கையெழுத்து.

"ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆவாது சொர்ணம். வண்டி ஓடுதா இல்லையா, அதான் முக்கியம்" என்றார் ஆத்மநாதன், செருப்பை மாட்டியபடி.

சொர்ணவல்லி வெள்ளாற்றுக்கோட்டை ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். ஒரு பாரசிட்டமால் வெளியே போனாலும் பதிவேட்டில் ஏறாமல் போகாது. அப்படிப்பட்டவளுக்கு இப்படிப்பட்ட புருஷன்! "கறி வச்சதுக்கு ஏடுதாங்க சாட்சி" என்றாள். "அது இல்லாட்டி, சுரைக்காய வித்துத் தின்னுட்டான்னு ஊரு சொல்லும்."

அவர் சிரித்துக்கொண்டே ஐந்து பத்து பஸ்ஸுக்குப் போய்விட்டார். தன் டெப்போ கடைசியில் இருப்பதோ, மூடப் போகிறார்கள் என்பதோ அவருக்குத் தெரியாது. சொர்ணவல்லி அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தேவிப்ரியாவின் வேலைக்கு ஆபத்து. யோசித்து யோசித்து, யாரிடம் சொல்லக் கூடாதோ அவரை விட்டுவிட்டு, சொல்லக்கூடிய ஆள் ஒருவர் உண்டு என்று கண்டுபிடித்தாள்.

அவள் வேலைக்கு ஏறிய ஏழு நாற்பது பஸ்ஸை ஓட்டி வந்தவர் ரெங்கராஜ். முப்பது வருஷ சர்வீஸ். டெப்போ டிரைவர்களில் மூத்தவர். வெள்ளாற்றுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் டீக்கடைக்கு நடந்தபோது, சொர்ணவல்லி பின்னாலேயே போனாள்.

"அண்ணே, ஒரு நிமிசம்."

"என்ன தங்கச்சி, மாத்திரைய மறந்துட்டேன்னு திட்டப் போறியா? போட்டுட்டேன்."

"அது இல்லண்ணே. டெப்போவுக்கு இன்னைக்கு ஆய்வு. குறைப் புத்தகம் காலியா இருந்தா என்ன நெனப்பாங்க? ஒரு வருசமா ஒரு குறையும் இல்ல, ஆனா ஸ்டோர்ல இருந்து பிரேக் லைனிங்கும் க்ளட்ச் பிளேட்டும் போயிக்கிட்டே இருக்கு. அதெல்லாம் எங்க போச்சும்பாங்க?"

ரெங்கராஜ் டீயை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"ஃபோர்மேனையா அப்படி நெனப்பாங்க?"

"வேற யார நெனப்பாங்க? சாவி அவருகிட்டதான இருக்கு. டெப்போவ மூடுனாலும் மூடுவாங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

ரெங்கராஜ் பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு வண்டியில் ஏறினார். குன்றாண்டார்கோவில் போய்த் திரும்பி, ஒன்றரை மணிக்குத்தான் டெப்போவில் வண்டியை ஒப்படைப்பார். சொர்ணவல்லி ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். அதிகப்பிரசங்கித்தனம் செய்துவிட்டோமோ என்று பயமாக இருந்தது. வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒன்பதரைக்கு ஷர்லி வந்தார். ஐம்பது வயது. காலில் கேன்வாஸ் ஷூ, கையில் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். ஆயில் சிந்திய தரையில் புடவையைத் தூக்கிப் பிடிக்காமல் நடந்த முதல் அதிகாரியை அன்றுதான் மெக்கானிக்குகள் பார்த்தார்கள். பின்னால் டேப்லெட்டோடு தேவிப்ரியா.

"வணக்கம் சார்" என்றாள் அவள் அண்ணனைப் பார்த்து.

"வணக்கம் மேடம்" என்றார் அண்ணன். இடுப்பில் தூக்கி வளர்த்த தங்கச்சியை மேடம் என்று கூப்பிட்டதில் அவர் காது சிவந்துவிட்டது. ஒரு மெக்கானிக் சிரிப்பை அடக்க முடியாமல் பஸ்ஸுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஷர்லி எல்லாவற்றையும் பார்த்தார். இருபத்திரண்டு பஸ், வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் இரண்டு குழி, டயர் அறை, ஸ்டோர். நேராகக் கேட்டார், நேராகக் குறித்துக்கொண்டார். கடைசியில் குறைப் புத்தகம் வந்தது.

"ஒரு வருஷம் முழுக்க ஒரு குறைகூட இல்லையா?"

"இருந்துச்சுங்க. சரி பண்ணிட்டோம்."

"எழுதலையா?"

"எழுதலைங்க."

"ஏன்?"

ஆத்மநாதன் தரையைப் பார்த்தார். காரணத்தைச் சொன்னால் டிரைவர்கள் கோளாறான வண்டியை ஓட்டியது வெளியே வரும்.

"வழியில் பிரேக்டவுன் ஆனது வருஷத்துக்கு மூணே மூணு தடவைன்னு உங்க கணக்கு சொல்லுது. பதினோரு டெப்போவில் இதுதான் குறைவு. ஆனா குறையையே எழுதாதவங்க, பிரேக்டவுனை மட்டும் ஒழுங்கா எழுதியிருப்பாங்கன்னு நான் எப்படி நம்புறது?"

நியாயமான கேள்விதான். நல்ல பிள்ளை என்று பெயரெடுத்ததே குற்றமாகப் போயிற்று. அந்த மூன்று என்பது சத்தியமான மூன்று. அதற்காக எத்தனை நாள் ஆத்மநாதன் சோற்றை மறந்து குழிக்குள் கிடந்திருக்கிறார் என்று தேவிப்ரியாவுக்குத் தெரியும். ஆனால் எண்ணுகிறவளுக்கு வாய் கிடையாதே.

ஷர்லி மேனேஜர் அறைக்குப் போன ஐந்து நிமிஷத்தில் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஸ்டோர் வாசலில் அண்ணனை மடக்கினாள். விதி அந்த இடத்தில் உடைந்தது.

"அண்ணே, அந்தப் போட்டோவெல்லாம் காட்டு."

"எந்தப் போட்டோ?"

"தெரியாத மாதிரி கேக்காத. பொங்கலுக்கு வந்தப்ப ஒன் போன்ல இடமில்லன்னு அழிக்கப் போனேனே, அப்பப் பாஞ்சு வந்து புடுங்குனியே."

பலகையைத் துடைக்கும் முன் ஆத்மநாதன் தினமும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார். அதே வண்டிக்கு அதே கோளாறு திரும்ப வருகிறதா என்று பார்க்க. ஆறு வருஷத்துப் போட்டோ, இரண்டாயிரத்துக்கு மேல் அவர் போனில் கிடந்தது. ஸ்டோரிலிருந்து போன ஒவ்வொரு பிரேக் லைனிங்கும் எந்த வண்டிக்குப் போனது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

"அத மட்டும் கேக்காத தேவி" என்றார்.

"ஏன்ணே? காட்டினா ஒன் மேல ஒரு சொல்லு வராது."

"வண்டி நம்பரு இருக்கு, தேதி இருக்கு. டியூட்டி சார்ட்டப் பாத்தா அன்னைக்கு யாரு ஓட்டுனான்னு ரெண்டு நிமிசத்துல தெரிஞ்சுடும். நாப்பது டிரைவருக்கும் மெமோ வரும். அவங்க என்னை நம்பி வாயால சொன்னது அது."

"டெப்போவே..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆத்மநாதன் அவள் முகத்தைப் பார்த்தார். மீதியைப் புரிந்துகொண்டார். அவர் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு, "போ, மேடம் தேடுவாங்க" என்று தங்கச்சியின் தலையைத் தொட்டுவிட்டுப் பட்டறைக்குள் போனார். கோபமும் பாசமும் சேர்ந்து வந்ததில் தேவிப்ரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அழுகையை டேப்லெட்டில் எண்ண முடியாது என்பதால் துடைத்துக்கொண்டாள்.

மணி ஒன்றரை.

டியூட்டி மாறும் நேரம். பஸ்கள் ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்தன. ரெங்கராஜ் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். வழக்கமாக அவர் கால் டீ பெஞ்சுக்குத்தான் போகும். இன்று ஆபீஸ் பக்கம் போயிற்று.

"ரெங்கண்ணே, இங்கிட்டு வாங்க, டீ ஆறுது" என்று கூப்பிட்டார் ஆத்மநாதன்.

"குறைப் புத்தகம் எங்க?" என்றார் ரெங்கராஜ்.

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். புத்தகம் ஷர்லியின் முன்னால் மேஜையில் இருந்தது. ரெங்கராஜ் அனுமதி கேட்டு இழுத்துக்கொண்டார். கண்ணாடியை மாட்டினார். மேஜையில் நூல் கட்டித் தொங்கிய பேனா எழுதவில்லை. பாவம், அதற்கு எழுதிப் பழக்கமே விட்டுப்போயிருந்தது. தேவிப்ரியா தன் பேனாவை நீட்டினாள்.

அவர் எழுத்துக் கூட்டி எழுதினார்: 'க்ளட்ச் வழுக்குகிறது. காலையில் கீரனூர் தாண்டித் தெரிந்தது. ஓட்டி வந்தேன்.' கீழே பெயர், நம்பர், கையெழுத்து.

ஷர்லி படித்துவிட்டு நிமிர்ந்தார். "குறை தெரிஞ்சும் ஏன் ஓட்டினீங்க?"

ஆறு வருஷத்துக்கு முன் மெமோவில் வந்த அதே கேள்வி. டெப்போவில் ஸ்பேனர் சத்தம்கூட நின்றுவிட்டது. ஆத்மநாதன் குறுக்கே வந்து, "மேடம், அது நான்தான்..." என்று தொடங்கினார். ரெங்கராஜ் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"உள்ள முப்பத்தெட்டுப் பேர் இருந்தாங்கம்மா. கர்ப்பிணிப் பொண்ணு ஒண்ணு. எறக்கி விட்டா அடுத்த வண்டி ஒண்ணே முக்கா மணி நேரம் கழிச்சு. க்ளட்ச் வழுக்குனா வண்டி மெதுவாப் போகும், ஆளக் கொல்லாது. மெதுவா ஓட்டிட்டு வந்தேன். பிரேக்கா இருந்தா அங்கயே நிறுத்திட்டு ஃபோர்மேனுக்குப் போன் போட்டிருப்பேன். இத மெமோவுல கேட்டா நாலு வரியில எழுதச் சொல்வாங்க. நாலு வரியில எப்படி எழுதுறது?"

ஷர்லி அதையெல்லாம் எழுதிக்கொண்டார். நாலு வரிக்கு மேலேயே எழுதினார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நிலவழகன் வந்தார். "மொத மொதல்ல எழுதி மாட்டுனவன் நாந்தாங்க" என்று பழைய கதையைச் சொன்னார். மெமோ, சஸ்பென்ஷன், அப்புறம் டீ பெஞ்ச், சாக்பீஸ், ஈரச் சாக்கு, ஒன்று விடாமல். சொல்லி முடித்துவிட்டு அவரும் பேனாவை எடுத்தார். 'வைப்பர் ஓடவில்லை.'

அவருக்குப் பின்னால் ஒருவர். அவருக்குப் பின்னால் இன்னொருவர். ரேஷன் கடைக்கு நிற்பதுபோல் ஒன்பது டிரைவர்கள் வரிசையில் நின்று, பதினோரு குறைகளை எழுதினார்கள். ஒருவர் எழுத்துப்பிழைக்குப் பயந்து பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக் கேட்டு எழுதினார். ஒரு மணிநேரத்துக்கு முன்புவரை குறையே இல்லாத டெப்போ, மாவட்டத்திலேயே குறை மிகுந்த டெப்போவாகிவிட்டது. அதைப் பார்த்து ஏன் தனக்கு இவ்வளவு சந்தோஷம் வருகிறது என்று தேவிப்ரியாவுக்கே விளங்கவில்லை.

"ஃபோர்மேன்" என்றார் ரெங்கராஜ். "நீ பலகையப் போட்டோ எடுத்ததெல்லாம் போன்ல இருக்குல்ல, அதையும் குடு. ஓட்டுனது நாங்க. கேட்டா நாங்க பதில் சொல்லிக்கிறோம். ஒன்ன முன்னால நிப்பாட்டிட்டு நாங்க பின்னால டீ குடிக்க முடியாது."

ஆத்மநாதன் போனைத் திறந்து ஷர்லியிடம் கொடுத்தார். அவர் ஏதோ ஒரு மார்ச் மாதத்துத் தேதியைத் தொட்டார். பலகையில், '0417 - முன் பிரேக் லைனிங்.' ஸ்டோர் பதிவேட்டை அதே தேதிக்குப் புரட்டச் சொன்னார். லைனிங் வெளியே போயிருந்தது. இன்னொரு தேதி. அதுவும் பொருந்தியது. இருபது தேதி பார்த்தார். இருபதும் பொருந்தின.

"உங்க மூணு பிரேக்டவுனை நம்புறேன்" என்றார்.

ஆத்மநாதன் அதற்கு மகிழ்ந்துபோய் நிற்கவில்லை. குறைப் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினார். பன்னிரண்டாவதாக அவரும் ஒன்று எழுதினார்:

'ஆறு வருடமாகக் குறைகளைப் புத்தகத்தில் எழுத வைக்காமல் சாக்பீஸில் முடித்தது. பொறுப்பு: ஆத்மநாதன், ஃபோர்மேன்.'

"இதை எழுதணும்னு அவசியமில்லையே" என்றார் ஷர்லி.

"அவங்க அவங்க வண்டிக் குறைய எழுதிட்டாங்க. டெப்போக் குறைய நாந்தான எழுதணுங்க" என்றார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "டேய், க்ளட்ச் வண்டியக் குழிக்கு ஏத்துங்கடா, நாலு நாப்பதுக்குப் போகணும்" என்று குரல் கொடுத்தார்.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் அங்கே நடந்ததைக் கல்யாண வீட்டுச் சமையல்கட்டு என்று சொன்னால் புரியும். ஆளாளுக்கு ஓடினார்கள். எழுதிய டிரைவர்களில் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. ஷர்லி நாற்காலி போட்டும் உட்காராமல் குழியின் விளிம்பிலேயே நின்றார். பதினொன்றில் ஒன்பது முடிந்தது. இரண்டுக்குப் பொருள் வர வேண்டியிருந்தது. அது எதிரில் எழுதப்பட்டது, மெக்கானிக் கையெழுத்தோடு.

கிளம்பும்போது ஷர்லி மார்க் தாளைத் தேவிப்ரியாவிடம் கொடுத்தார். "வேலைக்கு நான் முழு மார்க் போட்டிருக்கேன். குறைப் புத்தகத்துக்கு ஜீரோதான். ஒரு வருஷம் காலியா இருந்தா விதிப்படி ஜீரோ, அதை மாத்த மாட்டேன். வசதிகள் பகுதிக்கு நீ எண்ணினதுதான் மார்க். எல்லாத்தையும் கூட்டி நாளைக்குக் காலையில் அனுப்பு. ஆய்வு முடிஞ்சுது, இனி அண்ணன் வீட்டுல போய்ச் சாப்பிடலாம்."

ஸ்டோர் வாசலில் பேசியதைத் தேவிப்ரியா அவரிடம் சொன்னாள். ஷர்லி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தெரியும். சொல்றியான்னு பார்த்தேன்" என்றார்.

ஆத்மநாதனையும் தேவிப்ரியாவையும் ஏற்றிக்கொண்டு நாலு நாற்பது பஸ் சரியாகக் கிளம்பியது. காலையில் க்ளட்ச் வழுக்கிய அதே வண்டியில் இப்போது வெண்ணெய்போல் கியர் விழுந்தது. ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் சொர்ணவல்லி ஏறினாள். புருஷனின் முகத்தைப் பார்த்ததும் காலையிலிருந்து நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. வீட்டுக்குப் போகும் ரெங்கராஜ் பின் சீட்டிலிருந்து கையை மட்டும் ஆட்டினார். ஆனால் ஆத்மநாதன் முட்டாள் இல்லை.

"ரெங்கண்ணனுக்கு யாரோ ஊசி போட்டு அனுப்பியிருக்காங்க" என்றார் மனைவியிடம்.

"எங்க ஆஸ்பத்திரியில தினம் நூறு பேருக்கு ஊசி போடுறோம். எனக்கு எங்க ஞாபகம் இருக்கு?"

"பதிவேட்டுல இருக்குமே."

"எல்லாத்தையும் பதிவேட்டுல எழுத முடியுமாங்க?" என்றாள் சொர்ணவல்லி. மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தக் குடும்பம் அப்படிச் சிரித்தது.

சிரித்த வாயோடு தேவிப்ரியா ஜன்னலோரம் திரும்பி, டேப்லெட்டில் மார்க்குகளைக் கூட்டினாள்.

முப்பத்தொன்பது.

தப்பாகக் கூட்டியிருப்போம் என்று மறுபடி கூட்டினாள். முப்பத்தொன்பது. ஒவ்வொரு வரியாக இறங்கிப் பார்த்தாள். ஷர்லி போட்டவை எல்லாம் மையில் இருந்தன, அசையாது. வசதிகள் பகுதி மட்டும் அவள் எண்ணியது. கழிப்பறை மூன்று, சரி. விளக்குகள் சரி. தொழிலாளர் குடிநீர்க் குழாய்: மொத்தம் நாலு, தண்ணீர் வருவது மூன்று. மார்க் மூன்று.

நாலு என்று போட்டிருந்தால் நாற்பது.

விரல் அந்தக் கட்டத்தின் மேல் நின்றது. யார் போய்த் திறந்து பார்க்கப் போகிறார்கள்? ஒரு குழாய். ஒரே ஒரு குழாய். நாற்பது டிரைவர், இருபத்திரண்டு பஸ், அண்ணனின் ஆறு வருஷம்.

"மதினிகிட்டயாவது சொல்லு, எவ்வளவு வந்துச்சு?" என்று கிசுகிசுத்தாள் சொர்ணவல்லி.

"இன்னும் கூட்டல மதினி" என்றாள் தேவிப்ரியா. அண்ணியிடம் அவள் சொன்ன முதல் பொய் அது.

"அவளத் தொந்தரவு பண்ணாத சொர்ணம்" என்றார் ஆத்மநாதன். கண்ணை மூடி, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தார். என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. திடீரென்று ஏதோ ஞாபகம் வந்தவர்போல் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"தேவி, பட்டறைக்குப் பின்னால ஒரு குழாயில தண்ணி வரலியே. பாத்தியா?"

"பாத்தேண்ணே."

"எழுதுனியா?"

அடுத்த நிறுத்தம் வந்தபோது தேவிப்ரியா அந்தக் கட்டத்திலிருந்து விரலை எடுத்தாள்; மூன்று மூன்றாகவே நின்றது.

"எழுதியிருக்கேண்ணே."

"நல்லது" என்றார் ஆத்மநாதன். "இனிமே எதையும் எழுதாம விடக் கூடாது." சொல்லிவிட்டு, திருவரங்குளம் வரும்வரை நிம்மதியாகத் தூங்கினார்.